பேரைச் சொல்லிக் கத்து

முதலில் இனிப்புத்தான் தெரியும். சாறு முழங்கை வரைக்கும் வழியும். நாலாவது பழத்தைத் தின்னும்போதுதான் தொண்டையில் ஒரு காறல் பிடிக்கும். எச்சில் விழுங்கினால் மணலை விழுங்கினதுபோல் உறுத்தும், பேசினால் கரகரவென்று விடலைப் பையன் குரல் வரும். பங்குனியும் சித்திரையும் முழுக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் குரல்தான். முந்திரிப் பழத்தை உப்புத் தொட்டுத் தின்றால் காறாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் காட்டுக்கு உப்பு முடிந்து எடுத்துப் போகிற பொறுமை எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. இப்படித் தொண்டை கட்டிக் கிடக்கிற இரண்டு மாதத்தைப் பார்த்துத்தான் என் அம்மா எனக்கும் என் தங்கை பூவுக்கும் கத்தப் பழக்கினாள்.

உடையார்பாளையத்திலிருந்து விக்கிரமங்கலம் போகும் வண்டிப்பாதையில், செம்மண் மேடு ஏறி இறங்கும் இடத்தில் எங்கள் ஊர். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்பக்கம் அடுப்புக் கட்டி, கரியைப் போட்டு ஓட்டினார்கள். மேடு ஏற மாட்டாமல் அது நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவதற்கென்றே கடவுள் எங்கள் ஊர் ஆட்களைப் படைத்திருக்கிறார் என்று அப்பா சொல்வார். அப்பாவின் பெயர் சின்னையன். நாலு பேர் கூடின இடத்தில் குரலை உயர்த்தாத மனிதர். பங்காளிகள் என்ன நினைப்பார்களோ என்று யோசித்துவிட்டுத்தான் தும்முவார் என்று அம்மா அவரைக் கேலி செய்வாள். அம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். எனக்குப் பத்து, பூவுக்கு ஏழு. என் முழுப்பெயர் தையல்நாயகி, வீட்டில் "தையலு".

எங்களுக்கு இரண்டு காணி முந்திரிக்காடு இருந்தது. முந்திரி மற்ற மரங்களைப்போல் மேலே பார்த்து வளராது. கிளைகள் சரிந்து தரையில் முட்டி, அங்கேயே கொஞ்சம் படுத்துக் கிடந்து, பிறகு மனசு வந்தால் எழும்பும். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் பக்கத்து மரத்தடியில் இருப்பவர் தெரியமாட்டார். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சருகு மிதிபடும் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டையைத் திருகிக் கூடையில் சேர்ப்பது பெண்பிள்ளைகளின் வேலை. பையன்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விடுவார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனால், பொழுது சாயும்வரை நானும் பூவும் எங்கள் மூன்று ஆடுகளும்தான். எப்போதாவது வேலை ஒழிந்தால் அம்மாவும் வருவாள். அவள் வராத நாட்கள்தான் அதிகம், அவளுக்குப் பயமும் அந்த நாட்களைப் பற்றித்தான்.

அந்தப் பயம் முழுவதும் எங்களுக்குப் பாடமாக வந்து சேர்ந்தது. நாய் துரத்தினால் ஓடாதே, குனிந்து கல் எடுப்பதுபோல் கையைத் தரையில் வை. சருகில் கால் வைக்குமுன் கோலால் தட்டு. இடி இடித்தால் பனைமரத்தடியில் நிற்காதே. முன்பின் தெரியாதவர் தின்ன ஏதாவது கொடுத்தால், வேண்டாமென்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆகவே வாங்கிக்கொள், ஆனால் தின்னாமல் ஆட்டுக்குப் போடு. இந்தக் கடைசிப் பாடத்தைக் கேட்டுவிட்டு, ஆடு செத்துப்போனால் என்ன செய்வது என்று பூவு ஒரு மத்தியானம் முழுக்க அழுதாள். எங்கோ ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள், தூணுக்கு அடியில் போடுவதற்குப் பிள்ளை பிடிக்கிறவர்கள் சாக்கோடு அலைகிறார்கள் என்றொரு பேச்சும் ஊரில் அடிக்கடி கிளம்பும். ஊரில் மற்ற அம்மாமார்கள் அதைச் சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டினார்கள். என் அம்மா மட்டும் சாக்குக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

கையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளவும் அவள் சொல்லிக் கொடுத்தாள். தன் கையால் எங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இழு பாப்போம்" என்பாள். நாங்கள் முக்கி முனகி இழுப்போம். "அப்புடி இழுத்தா வராதுடி. நாலு வெரலு ஒரு பக்கம் கூட்டா நிக்குது, கட்டவெரலு ஒத்தையால்ல நிக்குது? கொட்டையத் திருவுற மாதிரி கட்டவெரலு பக்கமா திருவு." திருகினால் கை வந்துவிடும். அம்மா வேண்டுமென்றே விட்டாளா, நிஜமாகவே வந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆனால் பெரிய பாடம் வேறே. அதை அவள் சொன்ன இடம்கூட எனக்கு நினைவிருக்கிறது. காட்டு ஓரத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் கையப் புடிச்சு, வுடுன்னு சொல்லியும் வுடலைன்னா, அய்யோ அம்மான்னு கத்தாதீங்க. பேரைச் சொல்லிக் கத்துங்க."

"யாரு பேரும்மா?"

"புடிச்சவன் பேருதான்."

"தெரியாத ஆளா இருந்தா?" என்று பூவு கேட்டாள்.

என் தலையில் சீப்பு நின்றது. "தெரியாத ஆளு எதுக்குடி இம்மாந்தூரம் வர்றான்? நான் தெரிஞ்ச ஆளத்தான் சொல்றேன்" என்றாள் அம்மா.

பெயரைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தோன்றும். எங்கள் ஊரில் அதில்தான் எல்லாமே இருந்தது. வயதில் மூத்த ஆணைப் பெயர் சொல்லிப் பேசினால் நாக்கில் சூடு வைப்பேன் என்பார்கள், சும்மா மிரட்டலுக்குத்தான், ஆனாலும் எங்களுக்கு அது நெஞ்சில் பதிந்திருந்தது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, தாத்தா, இல்லாவிட்டால் "மேலத்தெருக்காரவங்க", "பெரிய வூட்டுக்காரவங்க". பெண்களின் பாடு இன்னும் மோசம். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும். புருஷனின் அண்ணன் முறையில் உள்ள "மூத்தார்" பெயரைச் சொல்வது மட்டுமல்ல, அவர் எதிரில் நிற்பதே தப்பு. ஊரில் பாதிப் பேர் எங்களுக்குப் பங்காளிகள் ஆனபடியால், ஊரின் பாதி ஆண்பிள்ளைகளுடைய பெயர்கள் அம்மாவின் வாயில் ஏறினதே இல்லை. ஒரு முறை சீமெண்ணெய்க் கூப்பனுக்காக ஆபீஸ் ஆள் ஒருவர் வீடு வீடாகப் பெயர் எழுத வந்தார். அப்பா வீட்டில் இல்லை. "வூட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று அவர் கேட்க, அம்மா கதவுக்குப் பின்னால் ஒதுங்கி என் முதுகில் கையை வைத்து முன்னே தள்ளினாள். "சொல்லுடி." நான்தான் சொன்னேன். அடுத்து மாமனார் பெயர் கேட்டார். மறுபடியும் முதுகில் கை. அம்மாவுக்கு வேண்டியிருந்த பெயர்களையெல்லாம் அப்படி நான்தான் சொல்லி வந்தேன்.

அப்பேர்ப்பட்டவள்தான் எங்களை ஆண்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "புள்ள அழுவுதுன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. எந்தப் புள்ளதான் அழுவல? பெரிய மனுசரு பேர ஒரு சிறுக்கி சொல்லிப்புட்டாளேன்னா ஊரே ஓடியாரும். ஒன்ன அடிக்கத்தான் ஓடியாரும். ஓடியாரட்டும். ஆளு வந்தா போதும்."

கத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. என்னைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு அம்மா கிணற்றடியில் நின்று காது கொடுப்பாள். நான் உள்ளே போய் யாராவது ஒரு பெரியவரின் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பேன்; சிரிப்பு வந்துவிடும். பூவோ பெயரைச் சொல்லிவிட்டு உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தொண்டைக் காறல் ஒரு பக்கம், கூச்சம் ஒரு பக்கம். "ஊமக்கோட்டான்கூட ஒங்களவிடச் சத்தமா கூவும்டி" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அம்மா. கடைசியில் ஒரு யோசனை செய்தாள். நாக்கில் கூச்சம் தெளிவதற்காக எங்கள் ஆடுகளுக்குப் பெரியவர்களின் பெயரை வைத்துத் தினமும் கூப்பிடச் சொன்னாள். செவலை ஆடு ரெங்கசாமி ஆயிற்று. அது மணியக்காரர் பெயர். கறுப்பு ஆடு அருணாசலம். அவர் கோயில் தர்மகர்த்தா. குட்டிக்குக் கலியபெருமாள் என்று எங்கள் வாத்தியாரின் பெயர். மூன்றும் பெட்டை ஆடுகள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இதில் அம்மா ஒருத்திதான் கடைசிவரை அவற்றைச் செவலை, கறுப்பு, குட்டி என்றே அழைத்து வந்தாள். ஆட்டின் தலையில் ஏற்றிய பிறகும் அந்தப் பெயர்களைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

பத்து நாளில் எங்களுக்குக் கூச்சம் போய்விட்டது, கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. ஒரு சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது பூவு வாசலிலேயே, "ஏய் ரெங்கசாமி, வேலியில வாய வெச்சேன்னா பல்லப் பேத்துருவேன்!" என்று சத்தம் போட்டாள். உள்ளே அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார். எச்சில் கையோடு ஓடி வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். நல்ல வேளையாக மணியக்காரர் இல்லை.

"குடியக் கெடுத்தீங்களே! யாரு வெச்ச பேரு இது?"

"புள்ளைங்க வெச்சுதுங்க" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"புள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அம்மா ஊதுகுழலை எடுத்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊத ஆரம்பித்தாள். அப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுத் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாத சமயத்தில், "ரெங்கசாமி, தள்ளி நில்லு" என்று அவரே அந்த ஆட்டிடம் சொல்வதை நான் இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். மணியக்காரரிடம் நேரில் அப்படிச் சொல்ல அவருக்கு எத்தனையோ நாள் ஆசை இருந்திருக்க வேண்டும்.

எங்கள் காட்டுக்கு அடுத்த காடு பெரியப்பாவுடையது. கூடப் பிறந்தவர் இல்லை, அப்பாவின் பெரியப்பா மகன். ஐம்பது வயது இருக்கும். பேர் காத்தமுத்து, அந்தப் பேரை அதற்குமுன் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெள்ளை வேட்டியில் செம்மண் படாமல் அந்த ஊரில் நடக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் வழக்கு வந்தால் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. மடியில் எப்போதும் வெல்லக்கட்டி வைத்திருப்பார். பிள்ளைகளைப் பார்த்தால் கொடுப்பார். எங்களுக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கும் அவரைப் பிடிக்கும்.

சித்திரை மாதத்து உச்சிப்பொழுது. பூவு தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்தாள். பெரியப்பா கிளையை விலக்கிக்கொண்டு வந்து, "வெல்லம் இந்தா" என்று நீட்டினார். நான் கையை நீட்டினேன். வெல்லத்தை உள்ளங்கையில் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. தன் காட்டுக் கொட்டாயில் பலாப்பழம் அறுத்து வைத்திருப்பதாகவும், வந்து தின்னும்படியும் சொன்னார். வேண்டாம் என்றேன். முகம் சிரித்தபடியே இருந்தது, பிடி மட்டும் இறுகியது. கொட்டாயைப் பார்த்து இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அம்மா சொன்னபடி கட்டைவிரல் பக்கமாகத் திருகினேன். தோல்தான் எரிந்தது, கை வரவில்லை.

கத்தினேன். "பெரியப்பா! வுடுங்க பெரியப்பா! பெரியப்பா!" என்றுதான் கத்தினேன்.

நாலைந்து மரங்களுக்கு அப்பால் இரண்டு பெண்கள் சருகு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு எனக்குக் கேட்டது. என் சத்தம் அவர்களுக்கும் கேட்டது. "தையலு அவ பெரியப்பன கூப்புடுது போலருக்கு" என்று ஒருத்தி சொன்னதும், இன்னொருத்தி விட்ட இடத்திலிருந்து தன் மருமகளைப் பற்றிய கதையைத் தொடர்ந்ததும் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பிள்ளை பெரியப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிட்டால் யார் எழுந்து வருவார்கள்?

பிறகுதான் அது வாயில் வந்தது. "காத்தமுத்து!" என்றேன். காறல் பிடித்த தொண்டையில் எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியாது. "காத்தமுத்து! காத்தமுத்து!"

அப்பால் பேச்சு நின்றது. சருகு சடசடக்க இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். "அடி பாவி, யாரு பேரடி சொல்ற!" என்று கேட்டுக்கொண்டே, கையை ஓங்கிக்கொண்டேதான் வந்தார்கள். அம்மா சொன்னதில் ஒரு எழுத்து பிசகவில்லை. அதற்குள் என் கையில் பிடி இல்லை. பெரியப்பா வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எங்காட்டுல கொட்ட பொறுக்குனா. கையப் புடிச்சுக் கேட்டேன். பாருங்க இவ வாய" என்றார். நான் ஓடினேன். கிணற்றடியில் பூவையும் இழுத்துக்கொண்டு, ஆடுகளைக்கூட விட்டுவிட்டு, வீடுவரைக்கும் ஓடினேன்.

அம்மா என் மணிக்கட்டில் நல்லெண்ணெய் தடவினாள். விரல் பதிந்த இடங்கள் கன்றியிருந்தன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மொதல்லயே பேரச் சொன்னியா?"

"இல்லம்மா. மொதல்ல பெரியப்பான்னுட்டேன்." அதற்கும் அடி விழும் என்று நினைத்தேன்.

அவள் என்னை மடியில் சாய்த்து, தன் முகத்தை என் தலைமேல் வைத்துக்கொண்டாள். "பரவால்ல. பரவால்ல. சொல்லிட்டல்ல" என்றாள். என் உச்சந்தலை நனைந்தது. நான் பிழைத்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அதுவரை ஏதோ குற்றம் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரும் அப்படித்தான் நினைத்தது. பத்து வயதுப் பெண் பெரிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூவினாள் என்பதுதான் எல்லோர் வாயிலும். ஏன் கூவினாள் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடிக்கு எங்களை வரச்சொல்லி ஆள் வந்தது. எல்லோர் முன்னிலையிலும் நான் பெரியப்பா காலில் விழுந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், முடிந்துவிடும் என்றார்கள். எனக்கோ அவர் கால் கிட்டப் போகவே முடியாது என்று தோன்றியது. இரவெல்லாம் அதே நினைப்பு. அம்மா சொன்னதைத்தான் செய்தேன், இப்போது காலில் விழச் சொன்னால் அம்மா சொன்னது தப்பு என்றாகிவிடுமே என்று அந்த வயதுக்கு ஏதோ புரிந்தது.

வேப்பமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோயில் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மணியக்காரர் என்னைக் கூப்பிட்டார். அப்பா என் தோளில் கையை வைத்தபடியே எழுந்தார்.

"அது... ஆட்டக் கூப்புட்டிருக்குங்க" என்றார் அப்பா.

"என்னது?"

"எங்கூட்டு ஆடுங்களுக்குப் புள்ளைங்க வெளையாட்டா மனுசன் பேரு வெச்சிருக்குங்க. ஒரு ஆட்டுக்கு அண்ணன் பேரு. ஆடு வழி தப்பிப் போச்சு, கூப்புட்டிருக்கு. அறியாப் புள்ள."

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் ஒரு நிம்மதியும் கேட்டது. பெரியப்பாவும் சிரித்தார், அவருக்கும் அது நல்ல வழிதான். மணியக்காரர் என்னைப் பார்த்து, "அப்புடியா பாப்பா? ஆட்டத்தான் கூப்புட்டியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். காலில் விழ வேண்டியதில்லை. அப்பா மானம் தப்பும். அந்தப் பொய்யை அவர் என்மேல் உள்ள பிரியத்தால்தான் சொன்னார், அது எனக்கு அப்போதே தெரியும். நான் தலையை ஆட்டத்தான் போனேன்.

"ஆட்டக் கூப்புடலீங்க."

சுவர் ஓரத்திலிருந்து குரல் வந்தது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து நின்றாள். மூத்தார் எதிரில் நின்றாள்.

"எங்க ஆட்டுல அந்தப் பேரு இல்ல. கையப் புடிச்சு இழுத்தது காத்தமுத்து. அதனால காத்தமுத்துன்னு கூப்புட்டா. நாந்தான் அப்புடிக் கூப்புடச் சொல்லிக் குடுத்தேன். எம்பொண்ணு காத்தமுத்து கால்ல வுழமாட்டா."

அந்தப் பெயரை மூன்று முறை சொன்னாள். சத்தம் போடவில்லை, கூப்பன் ஆபீஸ் ஆள் கேட்டால் எப்படி நிதானமாகச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னாள். பிறகு என் கையை எடுத்து, கன்றின இடம் தெரியும்படி மணியக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெரியப்பா எழுந்து, "பொம்பள பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்றதா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மணியக்காரர் தரையைப் பார்த்தபடி, "பொழுது போயிருச்சு, கலைஞ்சு போங்க" என்றார்.

தீர்ப்பு என்று எதுவும் இல்லை. அவருக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. எங்களுக்குத்தான் கிடைத்தது. பங்காளிகள் பேச்சை நிறுத்தினார்கள். பூவுக்குக் காது குத்தினபோது அப்பா வகையில் ஒருவரும் வரவில்லை. அம்மாவுக்குப் "பேருசொல்லி" என்று பட்டப்பெயர் விழுந்தது. அப்பா எட்டு நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "அவன் காட்டுப் பக்கம் வேலி அடைச்சிருக்கேன். முள்ளு நெறையா வெச்சு" என்றார். அதுநாள்வரை அண்ணன், அவரு என்றிருந்தவர் அன்றைக்கு அவன் என்றார். அம்மா அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், நானும் பூவும் வழக்கம்போல் கொட்டை திருகிக்கொண்டிருந்தோம். தூரத்தில் யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல், கரகரவென்று, "ரெங்கசாமி!" என்றது. எங்கள் ரெங்கசாமி காதை நிமிர்த்திப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து மேற்குப் பக்கத்துக் காட்டிலிருந்து வேறொரு குரல், வேறொரு பெரியவரின் பெயர். பிறகு கிழக்கே ஒன்று. கூச்சமும் சிரிப்புமாக, பாதியில் விழுங்கியும் பிறகு துணிந்தும், மேலத்தெரு கீழத்தெரு ஆண்பிள்ளைகள் அத்தனை பேருடைய பெயர்களும் முந்திரிக்காடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தன. அம்மாவைப் "பேருசொல்லி" என்று பழித்த வீடுகளின் பெண்பிள்ளைகள்தான் அவர்கள். காத்தமுத்து என்ற பெயரும் அதில் இருந்தது, அது மற்றப் பெயர்களைவிடச் சத்தமாகக் கேட்டது. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது அவள் எனக்கும் பூவுக்கும் ஆளுக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை அதிகமாகக் கொடுத்தாள்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தக் காட்டில் பாதியை வெட்டி மனைக்கட்டாக்கிக் கல் நட்டிருக்கிறார்கள். மூத்தார் என்ற சொல்லே என் பேத்திகளுக்குத் தெரியாது. ஒருத்தி தன் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கோபம் வந்தால் "டேய்" என்றும் கூப்பிடுகிறாள், அவனும் ஆயுள் குறையாமல் நன்றாகத்தான் இருக்கிறான். அந்த வழக்கமெல்லாம் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. போன வாரம் அவள் மகள், ஆறு வயது, பள்ளிக்கூடத்தில் யார் எங்கே தொடக் கூடாது என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததை எனக்கு ஒப்பித்தாள். உங்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். எங்கள் அம்மா என்றேன். "உங்க அம்மாவுக்கு?" என்று கேட்டது குழந்தை.

அதே கேள்வியை நான் ஒரு தடவை அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அவள் காலத்தின் கடைசி வருஷம். கூடத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கலடி" என்றாள். இரண்டு மூன்று புளியைப் பிரித்துப் போட்ட பிறகு, "சொல்லிக் குடுத்திருந்தா நானும் கத்தியிருப்பேன்ல?" என்றாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "யாரும்மா? பேரு என்ன?" என்று கேட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஊர் கூடின இடத்தில் மூத்தார் பெயரை மூன்று முறை சொன்னவளின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "போவுது போ. அவரு செத்தே அம்பது வருசமாச்சு" என்று சொல்லிவிட்டுப் புளியை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாசி மாதம் அம்மா போய்விட்டாள். அந்தப் பெயரும் அவளோடு போய்விட்டது. அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தால், இந்த வயதிலும், இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டும், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.